கொதிக்கும் ஊற்று! குலுங்கும் மலை!

அடுப்பு இல்லை. விறகு இல்லை. கியாசும் இல்லை. ஆனால் சோறு வேகிறது!

இது மாயாஜாலம் அல்ல. இமாசலப் பிரதேசத்தில், குலு மாவட்டத்தில், மணிகரண் என்ற ஊரில் தினமும் நடக்கிறது.

பார்வதி ஆற்றின் கரையில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் தேவதாரு மரக் காடு. நடுவே, பூமிக்குள் இருந்து வெந்நீர் பொங்கி வருகிறது. அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றுக்குள் விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் சோறு தயார்! அங்கே உள்ள சீக்கியர் குருத்துவாராவின் அன்னதானச் சமையலில் ஒரு பகுதி இந்த ஊற்றில்தான் நடக்கிறது.

ஆற்றில் ஓடுவது பனி உருகிய தண்ணீர். கையை வைத்தால் விறைத்துப் போகும். நான்கு அடி தள்ளி, கரையில் உள்ள ஊற்றில் கையை வைத்தால் வெந்து போகும்!

கன்னியாகுமரிக் கடற்கரையில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். மணிகரண், கடல் மட்டத்தில் இருந்து 1,700 மீட்டருக்கு மேல் உயரம். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். ஆகவே அங்கே 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஊற்றுத் தண்ணீரின் சூடும் ஏறக்குறைய அந்த அளவை எட்டுகிறது.

இதை எல்லாம் பார்க்க வேண்டும், குளிக்க வேண்டும் என்று ஆசை வருவது இயற்கை. நாகர்கோவிலில் இருந்தும், தக்கலையில் இருந்தும், மார்த்தாண்டத்தில் இருந்தும் ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக வடக்கே போகிறார்கள். திருக்குறள் எக்ஸ்பிரசில் ஏறினால் டெல்லி. அங்கிருந்து வேறு ரெயில், பிறகு பஸ், பிறகு மலைப்பாதை.

நாஞ்சில் நாட்டுக்கும் இமயமலைக்கும் பழைய உறவு உண்டு. பத்ரிநாத் கோயிலின் தலைமைப் பூசாரியை "ராவல்" என்பார்கள். அவர் கேரளத்து நம்பூதிரி! (1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தோம்.)

போகிறவர்கள் போகட்டும். ஆனால் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்பதே அந்த விஷயம். அது தெரிந்தால், மலை ஏன் சரிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான்கு கோயில், நான்கு ஊற்று

இமயமலையில் பக்தர்கள் போகும் பெரிய யாத்திரைக்குச் "சார்தாம்" யாத்திரை என்று பெயர். "சார்" என்றால் நான்கு. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய நான்கும் உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கின்றன.

யமுனோத்ரி கோயில் பக்கத்தில் சூரிய குண்டம் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. பக்தர்கள் அரிசியும் உருளைக்கிழங்கும் துணியில் கட்டி, அதில் வேகவைத்துப் பிரசாதமாகக் கொண்டு வருகிறார்கள்.

கங்கோத்ரிக்குப் போகும் வழியில் கங்நானி என்ற ஊர். அங்கேயும் வெந்நீர் ஊற்று.

கேதார்நாத்துக்கு நடை தொடங்கும் இடம் கௌரிகுண்ட். பார்வதிதேவி தவம் இருந்த இடம் என்பது நம்பிக்கை. அங்கேயும் வெந்நீர் ஊற்று.

பத்ரிநாத்தில், கோயிலுக்குக் கீழே, அலக்நந்தா ஆற்றங்கரையில் தப்த குண்டம். "தப்த" என்றால் சூடான என்று பொருள். அதில் குளித்துவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போவார்கள்.

நான்கு பாதைகள். நான்கிலும் வெந்நீர் ஊற்று! இது தற்செயலா?

இல்லை. இமயமலையின் உள்ளே ஒரு பெரிய வெடிப்பு ஓடுகிறது. நிலநூல் நிபுணர்கள் இதை "மத்தியப் பெரும் பிளவு" என்கிறார்கள். மலைத்தொடரின் நீளத்துக்கு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. இமயத்தின் வெந்நீர் ஊற்றுகளில் பல இந்த வெடிப்பின் ஓரமாகவே வரிசை கட்டி நிற்கின்றன.

அடுப்பு எங்கே இருக்கிறது?

வீட்டுச் சுவருக்கு அருகில் ஒரு பனையோலைப் பாயை விரியுங்கள். சுவரை நோக்கி அதைத் தள்ளுங்கள். பாய் என்ன செய்யும்? மடிந்து மடிந்து மேலே எழும்பும். இமயமலை எழும்பியதும் அப்படித்தான்.

இந்தியா உட்கார்ந்திருக்கும் பூமிப் பலகை, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவின் மீது வந்து மோதியது. அந்தத் தள்ளல் இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம் கைநகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு தள்ளினால் பாறை மடிவதோடு நிற்குமா? உடைகிறது. வெடிக்கிறது. நொறுங்குகிறது.

பூமிக்குள் கீழே போகப் போகச் சூடு கூடும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை கூடும் என்பது பொதுவான கணக்கு. மேலே பெய்யும் மழையும், உருகும் பனியும் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றன. அங்கே காய்கின்றன. காய்ந்த தண்ணீர் வேறொரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருகிறது. அதுதான் வெந்நீர் ஊற்று! இமயத்தில் எரிமலை கிடையாது. கந்தக வாடை அடிப்பதால், "கீழே எரிமலை இருக்கிறது" என்று வழிகாட்டிகள் கதை விடுவார்கள். நம்ப வேண்டாம்.

ஆக, வெந்நீர் ஊற்றுக்கு இரண்டு வேண்டும். ஒன்று, ஆழத்துச் சூடு. அது எல்லா ஊரிலும் உண்டு, உங்கள் வீட்டுக்கு அடியிலும் உண்டு. மற்றொன்று, ஆழம் வரை போகும் வெடிப்பு. அது எல்லா ஊரிலும் கிடையாது.

வெந்நீர் பொங்குகிறது என்றால், அங்கே மலை உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம் மலையில் ஏன் இல்லை?

காளிகேசத்தில் ஓடும் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. திற்பரப்பு அருவியும் அப்படித்தான். உலக்கை அருவியைக் கேட்கவே வேண்டாம். பெயர் சொல்லும்படியான வெந்நீர் ஊற்று எதுவும் குமரி மாவட்டத்து மலைகளில் கிடையாது.

நம் மலைப் பாறைகள் மிகப் பழையவை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிவிட்டவை. இமயமலை அதற்கு முன்னால் குழந்தை. பழைய பாறை இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் வெகு ஆழத்துக்கு இறங்கி, காய்ந்து, திரும்பி வர வழி குறைவு.

ஆனால் பழைய பாறையிலும் அங்கங்கே ஆழமான வெடிப்பு அமைந்துவிடுவது உண்டு. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், கர்நாடகத்தில் புத்தூர் தாலுகாவில், இர்தே என்ற கிராமத்தில் ஒரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. இதமான சூடுதான். சோறு வேகாது!

கடலைத் தாண்டினால் இலங்கை. திரிகோணமலைக்கு அருகே கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒன்றில் இருக்கும் சூடு மற்றொன்றில் இராது. தன் தாயாரின் ஈமக் கடனுக்காக ராவணன் உண்டாக்கியது என்று கதை சொல்கிறார்கள். வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். மலை ஏற வேண்டாம், சரிவும் இல்லை, பயமும் இல்லை.

ஆனால் அங்கே வேறு தகராறு. கிணறுகளை ஒட்டி இடிந்து கிடந்த பிள்ளையார் கோயில் இடத்தில் புத்த விகாரை கட்ட முயற்சி நடப்பதாகக் கூறி, 2019-ம் ஆண்டு ஜூலை மாதம் தமிழர்கள் போராட்டம் நடத்தினார்கள். திரிகோணமலை ஐகோர்ட்டு அந்த வேலைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஊற்று இயற்கை கொடுத்தது. சண்டை மனிதன் கொண்டுவந்தது!

இனி இமயமலைக்குத் திரும்புவோம்.

ஊற்றின் பெயரும் விபத்தின் பெயரும்

கடந்த சில ஆண்டுகளின் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். மேலே சொன்ன ஊற்றுகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நீராட்டுச் செய்தியாக அல்ல, சாவுச் செய்தியாக!

முதலில் கௌரிகுண்ட். 2013-ம் ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத் மலையில் பேய்மழை கொட்டியது. கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்தது. வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கியது. அந்த மழை வெள்ளத்தில் உத்தரகாண்ட் முழுவதும் 5 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். கௌரிகுண்டில் பக்தர்கள் நீராடி வந்த வெந்நீர்க் குளமும் அடித்துக்கொண்டு போய்விட்டது. குளம் இருந்த இடத்தில், மெல்லிய தாரையாகச் சுடுதண்ணீர் ஓடி ஆற்றில் கலந்தது.

அதோடு முடியவில்லை. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், இரவு நேரத்தில், அதே கௌரிகுண்ட் அருகே மலை சரிந்தது. பாதை ஓரத்துக் கடைகள் ஆற்றோடு போயின. 20 பேர் வரை காணாமல் போனார்கள். கடையில் டீ போட்டவர்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். 2025-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, கேதார்நாத்தில் இருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே காட்டில் விழுந்து 7 பேர் பலியானார்கள்.

அடுத்து கங்நானி. 2023 ஆகஸ்டு மாதம், கங்கோத்ரியில் இருந்து திரும்பிய குஜராத் யாத்திரிகர்களின் பஸ் அங்கே பள்ளத்தில் உருண்டு 7 பேர் இறந்தார்கள். 2025 மே 8-ந் தேதி அங்கேயும் ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது. 6 பேர் பலி. அதே ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கங்நானிக்கு மேலே உள்ள தராலி கிராமத்தின் மீது சேறும் பாறையும் கலந்த வெள்ளம் பாய்ந்தது. ஓட்டல்களும் வீடுகளும் சில நிமிடத்தில் புதைந்தன. அந்தக் காட்சியைச் செல்போனில் பார்க்காதவர் குறைவு. கங்நானி அருகே இருந்த பாலமும் போனதால், மீட்புப் படை தராலிக்குப் போகவே வழி இல்லாமல் தவித்தது. ராணுவத்தினர் இரும்புப் பாலம் போட்ட பிறகே வண்டிகள் நகர்ந்தன.

மணிகரணையும் விபத்து விடவில்லை. 2025 மார்ச் 30-ந் தேதி, குருத்துவாரா அருகே மலைச்சரிவில் ஒரு பெரிய மரம் மண்ணோடு பெயர்ந்து விழுந்தது. 6 பேர் இறந்தார்கள்.

தபோவன் என்று இன்னொரு வெந்நீர் ஊற்று, ஜோஷிமட் நகரத்துக்குப் பக்கத்தில். 2021 பிப்ரவரி 7-ந் தேதி மலை உச்சியில் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. மழைக்காலம்கூட அல்ல! வெயில் அடித்துக்கொண்டிருந்த பகல்! அந்த வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பலர் மின்சாரத் திட்டத்தில் வேலை செய்த தொழிலாளிகள்.

நியாயமாகப் பேச வேண்டும். பஸ் உருண்டதற்கும் ஹெலிகாப்டர் விழுந்ததற்கும் பூமிப் பிளவு நேர்க் காரணம் அல்ல. ஓட்டுநர், வானிலை, மேகம் எல்லாம் சேர்ந்தவை அவை. ஆனால் மலை செங்குத்தாக நிற்பதும், பாறை நொறுங்கிக் கிடப்பதும், பாதை குறுகி வளைவதும் அந்தப் பிளவு பகுதியின் குணம். மழை வந்தால் அங்கே மண் தாங்காது. பஸ் தடம் மாறினால் அங்கே தடுக்க எதுவும் இல்லை.

"நம் மலை பழையது, நமக்குப் பயம் இல்லை" என்று இருந்துவிடவும் முடியாது. வயநாட்டில் 2024 ஜூலை 30-ந் தேதி அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்ததே, அதுவும் பழைய பாறைதான். 250 பேருக்கு மேல் பலியானார்கள். அதே ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் உயிர் இழந்தான். அருவியில் தலையைக் கொடுத்தபடி நின்றவர்களுக்கு, மேலே காட்டுக்குள் பெய்த மழை தெரியவில்லை. திற்பரப்பில் போலீசார் கயிறு கட்டித் தடுக்கும்போது முணுமுணுக்கிறோமே, அதற்குக் காரணம் இருக்கிறது.

கூட்டம் எவ்வளவு?

முன்பெல்லாம் பத்ரிநாத் போகிறவர்கள் வீட்டில் சொல்லி, சொத்து பத்து விவரம் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வருவது நிச்சயம் இல்லை! இப்போது விமானத்தில் ஏறி டேராடூனில் இறங்கினால், அடுத்த நாள் மலையில் இருக்கலாம். 2023-ம் ஆண்டில் மட்டும் சார்தாம் யாத்திரைக்கு வந்தவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். ஆறு மாதம்தான் நடை திறந்திருக்கும். அதற்குள் இவ்வளவு பேர்.

கூட்டம் வந்தால் ரோடு வேண்டும். 2016-ம் ஆண்டு சார்தாம் ரோட்டுத் திட்டம் தொடங்கியது. நீளம் 889 கிலோமீட்டர். மலையை எவ்வளவு அகலம் வெட்டலாம் என்று வழக்கு நடந்தது. எல்லைக்குப் படைகள் போக அகலமான ரோடு வேண்டும் என்றது மத்திய அரசு. வெட்டினால் மலை சரியும் என்றார்கள் எதிர்த்தவர்கள். 2021 டிசம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, எல்லைப் பாதுகாப்பைக் காரணமாகக் கொண்டு, அகலப்படுத்த அனுமதி கொடுத்தது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. சீன எல்லை அருகில் இருப்பது உண்மை. மலையின் அடிக்காலை வெட்டினால் மேலே உள்ளது கீழே வரும் என்பதும் உண்மை. ஆனால் ராணுவத்துக்கு என்று அகலப்படுத்திய ரோட்டில் ராணுவ வண்டியா அதிகம் போகிறது? சுற்றுலா வேன்தான் அதிகம் போகிறது. அந்த வேனை நம்பி ஆற்றங்கரையில் நாலு மாடி லாட்ஜ் எழும்புகிறது. தராலியில் ஆற்றின் வாயிலேயே ஓட்டல்கள் நின்றன.

இப்போது புதிதாக ஒரு திட்டம். 2025 மார்ச் 5-ந் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. சோன்பிரயாகையில் இருந்து கேதார்நாத் வரை ரோப் கார் வரப்போகிறது! நீளம் 12.9 கிலோமீட்டர். செலவு 4 ஆயிரத்து 81 கோடி ரூபாய். இன்று கௌரிகுண்டில் இறங்கி 16 கிலோமீட்டர் ஏற வேண்டும். எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிறது. ரோப் கார் வந்தால் 36 நிமிடம் போதும் என்கிறார்கள்.

நல்லதுதான். வயதானவர்கள் மூச்சு வாங்கி ஏற வேண்டாம். கோவேறு கழுதைகள் சுமை தூக்கிச் சாக வேண்டாம். மலையை வெட்டி ரோடு போடுவதைவிடக் கம்பியில் போவது மண்ணுக்கும் நல்லது.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2022-ம் ஆண்டு யாத்திரை தொடங்கியபோது, கேதார்நாத்துக்கு நாள் ஒன்றுக்கு 12 ஆயிரம் பேர் மட்டுமே போகலாம் என்று உத்தரகாண்ட் அரசு வரம்பு வைத்தது. ரோப் கார் நாள் ஒன்றுக்கு 18 ஆயிரம் பயணிகளைச் சுமக்கும் என்பது மத்திய அரசின் கணக்கு. ஏறுகிறவர், இறங்குகிறவர் இருவரையும் சேர்த்தே அது என்று வைத்துக்கொண்டாலும், நடந்து வருகிறவர்களும் ஹெலிகாப்டரில் வருகிறவர்களும் தனி. இத்தனை பேரும் மேலே எங்கே தங்குவார்கள்? எங்கே மலம் கழிப்பார்கள்? திடீரென்று மழை பிடித்தால் எப்படி இறங்குவார்கள்?

ரோப் காரை எதிர்க்க வேண்டியதில்லை. எத்தனை பேர் என்ற வரம்பை முதலில் சட்டமாக்கிவிட்டு, பிறகு கம்பியைக் கட்ட வேண்டும். கம்பி கட்டிய பிறகு வரம்பு வைப்பது நடக்காத காரியம். போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்று கூட்டத்தைக் கூப்பிடத்தான் செய்வார்கள்.

வெந்நீரில் மின்சாரம்

இன்னொரு பக்கம், இந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கவும் யோசனை நடக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்பக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டில் 381 வெந்நீர் ஊற்றுகள் இருப்பதாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை கணக்கு எடுத்திருக்கிறது. பூமிச் சூட்டில் இருந்து 10 ஆயிரத்து 600 மெகாவாட் மின்சாரம் எடுக்க முடியும் என்பது மதிப்பீடு. கூடங்குளத்தில் உள்ள ஓர் அணு உலையின் திறன் 1,000 மெகாவாட். பத்து உலைக்கு மேல்!

காகிதத்தில் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. லடாக்கில், பூகா பள்ளத்தாக்கில், சோதனை மின்நிலையம் அமைக்க 2021-ல் ஒப்பந்தம் ஆனது. 2022 ஆகஸ்டில் துளை போட்டபோது, உள்ளே இருந்து வெந்நீர் கட்டுக்கு அடங்காமல் பீறிட்டு ஓடையில் கலந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியை நம் ஊரில் நிறுத்துவதுபோல அங்கே நிறுத்திவிட முடியாது.

குளிப்பது எப்படி?

சரி, இவ்வளவும் தெரிந்துதான் போகிறோம் என்கிறவர்களுக்குச் சில தகவல்கள்.

வெந்நீர் ஊற்றில் குளித்தால் சகல வியாதியும் தீரும் என்பார்கள். வெந்நீர் தசைப் பிடிப்பைத் தளர்த்தும். மூட்டு வலிக்குக் கொஞ்ச நேரம் சுகம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. எழுந்திருக்கும்போது தலை சுற்றும். குழந்தைகளைக் கையைவிட்டு விடக் கூடாது. மணிகரண், சூரிய குண்டம் போன்ற இடங்களில் குளிக்க என்று ஆற்றிவிட்ட குளம் தனி, கொதிக்கும் ஊற்று தனி. வழுக்கி விழுந்தால் வெந்துவிடும்.

மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2024, 2025-ம் ஆண்டுகளில் அமீபா மூளைக் காய்ச்சலில் குழந்தைகள்கூட இறந்ததைப் படித்திருப்பீர்கள். அந்த அமீபாக்களில் ஒரு வகை, வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். 46 டிகிரி வரை சூட்டைத் தாங்கும். தண்ணீரைக் குடித்தால் அது மூளைக்குப் போகாது. மூக்கு வழியாகத்தான் ஏறும். ஆகவே தலையை முக்கி மூழ்க வேண்டாம். மொண்டு ஊற்றிக்கொண்டாலும் மூக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று உயரம். பத்ரிநாத் 3,100 மீட்டர், கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேல். நாகர்கோவில்காரர்களுக்குப் பழக்கம் இல்லாத காற்று. முதல் நாள் ரிஷிகேசம், மறுநாளே கேதார்நாத் என்று ஓடுவது ஆபத்து. வழியில் ஓரிரவு தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏற வேண்டும். தலைவலியும் மூச்சுத் திணறலும் வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

எப்போது போகலாம்?

யாத்திரைக்குப் பெயரைப் பதிவு செய்வது கட்டாயம். உத்தரகாண்ட் அரசின் இணையதளத்தில் பதியலாம். வயதானவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் செய்து கொடுக்கலாம். பதிவு செய்யும்போது வீட்டில் உள்ளவர் ஒருவரின் டெலிபோன் எண்ணைக் கேட்பார்கள். கூடவே வருகிறவரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஊரில் இருப்பவரின் எண்ணைக் கொடுங்கள். சரிவு ஏற்பட்டுப் பாதை அடைபட்டால் யார் எங்கே இருக்கிறார் என்று தேட அதுதான் உதவும். 2024 செப்டம்பரில், ஆதி கைலாசம் போய்த் திரும்பிய கடலூர் மாவட்டத்து யாத்திரிகர்கள் 30 பேர் நிலச்சரிவால் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

பயண நாட்களில் இரண்டு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ரெயில் டிக்கெட்டை நெருக்கிப் போட்டுவிட்டால், "இன்று இறங்கியே ஆகவேண்டும்" என்று டிரைவரை விரட்டத் தோன்றும். சிவப்பு எச்சரிக்கை அறிவித்தால் லாட்ஜிலேயே இருந்துவிடுங்கள். அந்த லாட்ஜும் ஆற்றங்கரையில் இருக்கக் கூடாது. அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன், "ஆறு எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். "ஜன்னலைத் திறந்தால் ஆறு" என்று பெருமையாகச் சொன்னால் வேறு லாட்ஜ் பாருங்கள்.

பத்ரிநாத் நடை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ திறக்கும், நவம்பரில் அடைக்கும். நம் பள்ளிக்கூடக் கோடை விடுமுறை மே மாதத்தோடு பொருந்துகிறது. ஆனால் அப்போதுதான் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூட்டம் குறையும், அறை வாடகை பாதியாக இறங்கும், வேன்காரர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். அந்த இரண்டு மாதமும் மலைப் பக்கமே போக வேண்டாம். மேலே உள்ள விபத்துத் தேதிகளை இன்னொரு தடவை பாருங்கள்.

செப்டம்பர் நடுவிலும் மழை இருக்கலாம். 2025-ல் செப்டம்பர் 15, 16 தேதிகளில் டேராடூன் பக்கத்துக் கந்தக ஊற்றான சகஸ்ரதாராவை மழை வெள்ளம் புரட்டிப் போட்டது. செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வருகிறது. அப்போது புறப்பட்டால், அக்டோபர் முதல் வாரத்தில் தப்த குண்டத்தில் இறங்கலாம். வானம் வெளுத்திருக்கும். வெளியே குளிர் நடுக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம் உண்டு. துண்டும் மாற்றுத் துணியும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஏறி வரும் அந்த அரை நிமிடக் குளிருக்குத்தான் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டும்!